உயிர் ஆர்.என்.ஏ.விலிருந்துதான் தொடங்கியதா?

கேட்டவர் பள்ளியில் உயிரியல் படித்தவர். "டி.என்.ஏ.வில் இருக்கும் செய்தியைத் தூது ஆர்.என்.ஏ. எடுத்துக்கொண்டு போகும், அதை வைத்துப் புரதம் தயாராகும் என்றுதான் படித்தேன். ஆர்.என்.ஏ. என்றால் என் மனதில் ஒரு தபால்காரர்தான். இப்போது உயிரே அதில்தான் ஆரம்பித்தது என்கிறார்கள். நிரூபணம் ஆன விஷயமா, வெறும் ஊகமா?" என்பது அவர் கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. டி.என்.ஏ.வும் இன்றைய புரதங்களும் வருவதற்கு முன்னால், அந்த இருவர் வேலையையும் ஆர்.என்.ஏ.வே பார்த்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்ததா? இது முதல் கேள்வி. ஏறக்குறைய ஆமாம் என்றே சொல்வேன். சாட்சி நம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீரும் வாயுவும் பாறையும் மட்டுமே இருந்த பூமியில் அந்த ஆர்.என்.ஏ. எப்படி உருவானது, தனியாகத்தான் வந்ததா? இது இரண்டாவது. இங்கே வேலையும் நடந்துகொண்டிருக்கிறது, சண்டையும் நடந்துகொண்டிருக்கிறது. செய்திகளில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

முதலில் சிக்கல் என்ன என்று பார்ப்போம். டி.என்.ஏ. ஒரு அருமையான பதிவேடு. ஆனால் தன்னைத் தானே நகலெடுக்கத் தெரியாது. இழைகளைப் பிரிக்க ஒரு நொதி (வேதிவினையை முடுக்கிவிடும் மூலக்கூறு), எழுத்துகளைக் கோக்க ஒரு நொதி, விட்டுப்போன இடைவெளியை ஒட்ட இன்னொரு நொதி. இந்த நொதிகள் அத்தனையும் புரதங்கள். சரி, புரதம் எங்கிருந்து வரும்? டி.என்.ஏ.வில் எழுதியிருக்கும் வரிசையிலிருந்து. பதிவேடு இல்லாமல் வேலையாள் இல்லை, வேலையாள் இல்லாமல் பதிவேடு இல்லை. கோழியா முட்டையா வம்புதான், ஆனால் இந்த வம்புக்கு விடை சொல்லியாக வேண்டும். ஏனென்றால் நாம் இங்கே இருக்கிறோம்.

1960-களின் பிற்பகுதியில் கார்ல் வோஸ், பிரான்சிஸ் கிரிக், லெஸ்லி ஆர்கெல் என்ற மூன்று அறிவியலாளர்கள் ஒரு வழி சொன்னார்கள்: செய்தியையும் சுமந்து, வேதிவினையையும் நடத்தும் ஒரே மூலக்கூறு முதலில் இருந்திருந்தால் வம்பே இல்லை, அது ஆர்.என்.ஏ.வாக இருக்கலாம். அப்போது அது வெறும் யோசனை. நொதி என்றால் புரதம் என்பது மாற்ற முடியாத விதிபோல இருந்த காலம் அது. பதினைந்து ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

ஆர்.என்.ஏ. மேல் அவர்களுக்கு ஏன் சந்தேகம் வந்தது என்று புரிய, அதன் உருவத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். சர்க்கரை, பாஸ்பேட், சர்க்கரை, பாஸ்பேட் என்று ஒரு நூல். ஒவ்வொரு சர்க்கரையிலும் ஒரு எழுத்து தொங்கும்: அடினைன், குவானைன், சைட்டோசின், யுராசில். டி.என்.ஏ.வும் கிட்டத்தட்ட இதேதான். யுராசிலுக்குப் பதில் தைமின் என்பது சின்ன வித்தியாசம். பெரிய வித்தியாசம் சர்க்கரையில் இருக்கிறது. ஆர்.என்.ஏ.வின் ரைபோஸில், இரண்டாம் எண் கார்பனில் ஒரு ஓ.எச். தொகுதி உண்டு. டி.என்.ஏ.வில் அந்த இடத்தில் வெறும் ஹைட்ரஜன். ஒரே ஒரு ஆக்சிஜன் அணு கூடுதல், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் அந்த ஓ.எச்.சை மறக்க வேண்டாம். ஆர்.என்.ஏ.வின் நல்லது கெட்டது இரண்டுக்கும் பெரும்பகுதி அதுவே காரணம்.

முதலில் நல்லது. டி.என்.ஏ. பெரும்பாலும் இரட்டை இழையாக, ஜிப் போட்டதுபோல் விறைப்பாக நிற்கும். ஆர்.என்.ஏ. ஒற்றை நூல். ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு ஜோடி சேர்ந்து மடியும், வளையும், முடிச்சுப் போட்டுக்கொள்ளும். மடிந்த வடிவத்தை இழுத்துப் பிடிக்க அந்தக் கூடுதல் ஓ.எச்.கள் கைபோல உதவுகின்றன. மடிப்பு வந்துவிட்டால் நடுவே பள்ளங்களும் மூலைகளும் வரும். நொதிகள் வேலை செய்வதும் அப்படிப்பட்ட பள்ளங்களில்தான்.

அடுத்தது கெட்டது. அதே ஓ.எச். பக்கத்திலிருக்கும் பாஸ்பேட்டைத் தாக்கித் தன் நூலையே அறுத்துவிடும். கொஞ்சம் காரத்தன்மை, கொஞ்சம் சூடு போதும். கோவிட் சமயத்தில் ஃபைசர் தடுப்பூசியை முதலில் மைனஸ் 70 டிகிரியில் வைக்கச் சொன்னார்களே, அதில் இருந்தது தூது ஆர்.என்.ஏ. ஆர்.என்.ஏ.வோடு வேலை செய்தவர்களைக் கேட்டால் கண்ணீர்க் கதை சொல்வார்கள். என் கதை: மூன்று நாள் பாடுபட்டுப் பிரித்தெடுத்ததை, இழைகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தேன். கோடு கோடாகப் பளிச்சென்று தெரிய வேண்டிய இடத்தில், சிலேட்டில் எச்சில் தொட்டு அழித்த மாதிரி ஒரே தீற்றல். அத்தனையும் துண்டு துண்டாகிவிட்டது. கையுறை போட்டுக்கொண்டு மூக்கைச் சொறிந்திருப்பேன். நம் தோலில், வியர்வையில், எச்சிலில் எல்லாம் ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் இருக்கின்றன. அவை செய்வதும் அந்த ஓ.எச்.சைத் தூண்டிவிடும் வேலைதான்.

இப்படி ஒரு நோஞ்சானா உயிரைத் தொடங்கியிருக்கும் என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பிறகு வருகிறேன்.

கதை திரும்பியது கொலராடோவில். அங்கே தாமஸ் செக்கின் ஆய்வகம், குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமீனா என்ற ஒற்றைச்செல் உயிரியை வைத்து வேலை செய்துகொண்டிருந்தது. அதன் ஆர்.என்.ஏ. ஒன்றில் நடுவே 413 எழுத்து நீளத்துக்கு வேண்டாத துண்டு ஒன்று வரும். அது வெட்டி எறியப்பட்டு, இரண்டு முனைகளும் ஒட்டப்படும். வெட்டி ஒட்டும் நொதி எது என்று கண்டுபிடிப்பதுதான் திட்டம். செல்லின் உட்கருவை அரைத்து எடுத்த சாறு ஒரு குழாயில். சாறு இல்லாமல் ஒப்புக்கு இன்னொரு குழாய். சாறு இல்லாத குழாயில் ஒன்றும் நடக்கக் கூடாது. நடந்தது! வெட்டு விழுந்திருந்தது.

எவருக்கும் முதலில் தோன்றுவது தப்பு நடந்துவிட்டது என்பதுதான். ஏதோ புரதம் ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று நினைத்தார்கள். கொதிக்க வைத்தார்கள், சோப்புபோன்ற பொருள் போட்டுக் கழுவினார்கள், புரதத்தைத் தின்னும் நொதிகளை விட்டார்கள். அப்போதும் வெட்டு விழுந்தது. கடைசியில் டெட்ராஹைமீனாவின் பக்கமே போகாமல், அந்த மரபணுவைப் பாக்டீரியாவில் பெருக்கி, அதிலிருந்து சோதனைக் குழாயிலேயே ஆர்.என்.ஏ.வைத் தயாரித்தார்கள். கொஞ்சம் மக்னீசியம், ஒரு குவானோசின் (குவானைனும் ரைபோஸும் சேர்ந்தது). ஆர்.என்.ஏ. தன்னைத் தானே வெட்டி ஒட்டிக்கொண்டது. 1982-இல் இதை வெளியிட்டார்கள். இப்படி வேலை செய்யும் ஆர்.என்.ஏ.வுக்கு ரைபோசைம் என்று பெயரும் வைத்தார்கள்.

மறு ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் சிட்னி ஆல்ட்மன் குழுவின் முடிவு வந்தது. புரதத்துக்கான அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் கடத்து ஆர்.என்.ஏ.வைச் செதுக்கித் திருத்தும் ஒரு பாக்டீரிய நொதி; 377 எழுத்து ஆர்.என்.ஏ.வும் ஒரு சின்னப் புரதமும் சேர்ந்தது. வெட்டுவது புரதம், ஆர்.என்.ஏ. சும்மா தாங்கிப் பிடிக்கிறது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். தலைகீழ். மக்னீசியத்தைக் கூட்டினால் புரதமே இல்லாமல் ஆர்.என்.ஏ. வெட்டியது. என் பார்வையில் இது செக்கின் கண்டுபிடிப்பைவிட ஒரு படி மேல். தன்னையே ஒரு தடவை வெட்டிக்கொள்வது வேறு, இன்னொரு மூலக்கூறை வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போவது வேறு. நொதி என்றால் இதுதான். 1989-இல் இருவருக்கும் வேதியியல் நோபல். இடையில், 1986-இல், வால்டர் கில்பர்ட் 'ஆர்.என்.ஏ. உலகம்' என்ற பெயரைச் சூட்டினார். ஒரு பக்கக் குறிப்புதான், பெயர் நிலைத்துவிட்டது.

ஆனாலும் இரண்டு மூன்று விசித்திரங்களை வைத்து ஒரு யுகத்தையே கட்ட முடியுமா? அந்தத் தயக்கம் நியாயமானது. அதை உடைத்தது ரைபோசோம்.

ரைபோசோம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்யும் ஆலை. பாக்டீரியா முதல் ஆனைவரை எல்லாச் செல்லிலும் உண்டு. அதில் பெரும்பங்கு ஆர்.என்.ஏ.; கூடவே ஐம்பதுக்கு மேற்பட்ட புரதங்கள். இதில் கோர்வை வேலையைச் செய்வது யார்? 2000-ஆம் ஆண்டில் தாமஸ் ஸ்டைட்ஸும் பீட்டர் மூரும் யேலில், சாக்கடலில் வாழும் ஒரு நுண்ணுயிரியின் ரைபோசோமில் பெரிய பாகத்தை அணு அளவுக்குப் படம்பிடித்தார்கள். அமினோ அமிலங்கள் ஒட்டும் இடத்தில் போய்ப் பார்த்தால் சுற்றிலும் ஆர்.என்.ஏ. மட்டும். மிக அருகில் இருந்த புரதமே 18 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) தள்ளி இருந்தது. வேதிவினையில் கை வைக்க முடியாத தூரம். புரதங்கள் வெளிப்புறத்தில் முட்டுக்கொடுத்து நிற்கின்றன. ஆலை நடத்துவது ஆர்.என்.ஏ. அந்த ஒட்டும் வினைக்கு மிகவும் தேவைப்படுவது எது தெரியுமா? கடத்து ஆர்.என்.ஏ.வின் கடைசி எழுத்தில் இருக்கும் அதே இரண்டாம் எண் ஓ.எச்.

சிறிய பாகத்தைப் பார்த்தவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். தூது ஆர்.என்.ஏ.வில் உள்ள மூன்றெழுத்துச் சொல்லுக்குச் சரியான கடத்து ஆர்.என்.ஏ. வந்திருக்கிறதா என்று பார்ப்பது அந்தப் பாகத்தின் பொறுப்பு. அங்கேயும் புரதம் பார்க்கவில்லை. 1492, 1493 என்ற எண்ணுள்ள இரண்டு அடினைன்கள் வெளியே புரண்டு வந்து, ஜோடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கின்றன. துணிக்கடையில் துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்ப்போமே, அந்த மாதிரி. ஸ்டைட்ஸ், ராமகிருஷ்ணன், ரைபோசோமையே ஆராய்ந்த அடா யோனத் மூவருக்கும் 2009-இல் நோபல் கிடைத்தது.

இதன் பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு புரதமும், ஆர்.என்.ஏ.வை வெட்டும் அந்தப் புரதம் உட்பட, ஆர்.என்.ஏ.வின் கையால் செய்தது. புரதத்தைச் செய்யும் இயந்திரம் புரதத்தால் ஆனதாக இருந்திருந்தால் கோழி முட்டை வம்பு தீர்ந்தே இருக்காது. 'தபால்காரர்' என்ற பாடம் தப்பில்லை. ஆனால் அந்தத் தபால்காரரின் பெரியப்பாதான் ஆலை முதலாளி என்பதை நமக்குச் சொல்லவில்லை.

இன்னொரு சாட்சி உங்கள் வீட்டு மருந்து டப்பாவில் இருக்கிறது. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை அட்டையின் பின்பக்கம் பாருங்கள். பி3 உடம்புக்குள் போய் என்.ஏ.டி. என்ற துணைநொதியின் (நொதிக்கு உதவும் சின்ன மூலக்கூறு) பாகமாகிறது. பி2 எஃப்.ஏ.டி.க்குப் போகிறது, பி5 கோஎன்சைம் ஏ-க்கு. இந்த மூன்றிலும் வேலை செய்யும் முனை வைட்டமினிலிருந்து வருகிறது. மறுமுனையில் மூன்றிலும் பொதுவாக ஒட்டியிருப்பது ஆர்.என்.ஏ.வின் எழுத்து ஒன்று: அடினைனும் ரைபோஸும் சேர்ந்த அடினோசின். வேதிவினையில் அதற்கு நேரடிப் பங்கு கிடையாது. அரிவாள்மணைக்குக் கட்டை எப்படியோ அப்படி, சும்மா பிடி. எத்தனையோ பிடி போட்டிருக்கலாம், ஏன் ஆர்.என்.ஏ. எழுத்து? ஒரு காலத்தில் இவை ஆர்.என்.ஏ. நொதிகளில் பொருத்தப்பட்ட கருவிகளாக இருந்திருக்கும், அந்த நொதிகள் போய்ப் புரதங்கள் வந்த பிறகும் பிடி மட்டும் தங்கிவிட்டது என்று 1976-இலேயே ஹரால்ட் ஒயிட் எழுதினார். அப்போது ரைபோசைம் ஒன்றுகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. செல்லின் காசு என்று சொல்லும் ஏ.டி.பி.யும் ஆர்.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றுதான்.

டி.என்.ஏ. பின்னால் வந்தது என்பதற்கும் இதே மாதிரி தடயம் உண்டு. இன்றும் எந்தச் செல்லும் டி.என்.ஏ.வின் எழுத்தை நேரடியாகத் தொடங்கிச் செய்வதில்லை. முதலில் ஆர்.என்.ஏ. எழுத்தைச் செய்து, அதிலிருந்து அந்த ஓ.எச்.சின் ஆக்சிஜனைப் பிடுங்கி எறிகிறது. அப்புறம் யுராசிலில் ஒரு மெத்தில் சேர்த்துத் தைமின். ஆக, டி.என்.ஏ. என்பது பல் பிடுங்கிய ஆர்.என்.ஏ. வேலை செய்யாது, ஆனால் உடையாமல் நெடுநாள் இருக்கும். பதிவேட்டுக்கு அதுதானே வேண்டும்? (பிடுங்கிவிட்டால் வேலையே செய்யாது என்பதும் முழுக்கச் சரியில்லை. 1994-இலிருந்து ஆய்வகத்தில் வேதிவினை செய்யும் டி.என்.ஏ.க்களை உருவாக்கியிருக்கிறார்கள். இயற்கையில் மட்டும் இதுவரை பார்க்கவில்லை.)

முதல் கேள்விக்கு இது போதும் என்று நினைக்கிறேன். இனி வழுக்கும் இடம்.

ஆர்.என்.ஏ. வெட்டும், ஒட்டும், சரி. தன்னை நகலெடுக்குமா? உயிர் என்றால் அதுதானே முக்கியம். 1993-இல் டேவிட் பார்ட்டலும் ஜாக் ஷோஸ்டாக்கும் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். எழுத்துகளைக் குருட்டாம்போக்கில் கோத்து, 1-க்குப் பின்னால் 15 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணிக்கையில் வெவ்வேறு ஆர்.என்.ஏ.க்களைக் குழாயில் வைத்தார்கள். இரண்டு துண்டுகளை ஒட்டத் தெரிந்தவை மட்டும் பிழைக்கும்படி வடிகட்டி, பெருக்கி, மறுபடி வடிகட்டினார்கள். யாரும் வடிவமைக்காத குப்பையிலிருந்து வேலை தெரிந்த ரைபோசைம்கள் வெளிவந்தன. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சோதனை இது. அர்த்தமில்லாத எழுத்துக் குவியலுக்குள் அர்த்தம் அவ்வளவு அரிது இல்லை என்று காட்டியது.

அதில் வந்த ஒட்டும் ரைபோசைம் ஒன்றை மேலும் பழக்கி, 2001-இல் இன்னோர் இழையைப் பார்த்து 14 எழுத்துவரை கோக்க வைத்தார்கள். 2011-இல் கேம்பிரிட்ஜில் ஃபிலிப் ஹோலிகர் குழு 95 எழுத்து. 2013-இல் அதே குழு, மைனஸ் 7 டிகிரி உறைபனியில், 206 எழுத்து. அந்த ரைபோசைமின் சொந்த நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். பனி ஏன்? தண்ணீர் உறையும்போது ஆர்.என்.ஏ.வும் உப்பும் பனித்துகள்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் செறிவாகும். குளிரில் நூலும் அறாது. நோஞ்சான் என்றேனே, அந்தக் கவலைக்கு இது ஒரு பதில். 2024-இல் ஜெரால்ட் ஜாய்ஸ் குழுவின் ரைபோசைம் ஒன்று, இன்னொரு சின்ன ரைபோசைமைத் தலைமுறை தலைமுறையாக நகலெடுத்து, அதில் பரிணாமம் நடப்பதையும் காட்டியது.

இருந்தும் தன்னைத் தானே முழுசாக, வேறு உதவி இல்லாமல் நகலெடுக்கும் ரைபோசைம் இன்றுவரை கிடையாது. அந்த 206-ம் கோக்க வசதியான வரிசைக்குத்தான். 2009-இல் ஜாய்ஸும் ட்ரேசி லிங்கனும் ஒன்றையொன்று உருவாக்கிக்கொள்ளும் ஒரு ரைபோசைம் ஜோடியைக் காட்டினார்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் இரட்டிப்பானது. பிரமாதம்தான். ஆனால் ஏற்கெனவே செய்து வைத்த நீளத் துண்டுகளை இணைத்த வேலை அது. மாவு அரைத்துக் கொடுத்தபிறகு தோசை ஊற்றியதுபோல.

சிக்கல் எங்கே என்றால், எழுத்துப்பிழை. மன்ஃப்ரெட் ஐகன் 1971-இலேயே இதைக் கணக்குப் போட்டார். ரைபோசைம் 200 எழுத்து நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எழுத்தும் 97 சதவீதம் சரியாக விழுகிறது என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிழையே இல்லாத நகல் ஆயிரத்துக்கு இரண்டுதான் வரும். 99 சதவீதம் என்றால் நூற்றுக்குப் பதின்மூன்று. பிழைகள் சேரச் சேர நகலின் நகல் உளறலாகிவிடும். துல்லியமாக எழுத நீளமான ரைபோசைம் வேண்டும். நீளமானதைக் காப்பாற்றத் துல்லியம் வேண்டும். பழைய வம்பு வேறு வேடத்தில் வந்து நிற்கிறது.

ஒட்டுண்ணித் தொல்லை வேறு. 1967-இல் இல்லினாயில் சோல் ஸ்பீகல்மன் ஒரு வைரஸின் ஆர்.என்.ஏ.வையும் அதை நகலெடுக்கும் புரத நொதியையும் குழாயில் போட்டு, கொஞ்சம் எடுத்து அடுத்த குழாயில், அதிலிருந்து அடுத்ததில் என்று 74 தடவை மாற்றினார். முடிவில் ஆர்.என்.ஏ. தன் நீளத்தில் 83 சதவீதத்தை உதறிவிட்டிருந்தது. வேகமாக நகலாவது ஒன்றே போட்டி என்றால் வேண்டாத சுமை எதற்கு? தொடக்க காலத்தில் ஆர்.என்.ஏ.க்கள் திறந்த குளத்தில் கலந்து கிடந்திருந்தால், உழைக்கும் ரைபோசைமை உழைக்காத குட்டி இழைகள் தின்றே தீர்த்திருக்கும். ஆகவே ஏதாவது ஒரு உறை தேவை. கொழுப்பு அமிலக் குமிழிகள் அதற்கு ஏற்றவை. சோப்பு நுரைபோலத் தாமாகவே உருவாகும், வளரும், பிரியும். ஆனால் ஆர்.என்.ஏ.வுக்கு மக்னீசியம் வேண்டும், மக்னீசியம் பட்டால் அந்தக் குமிழி உடையும். மாமியார் மருமகள் கதை. 2013-இல் ஷோஸ்டாக்கும் கத்தார்சினா அடமாலாவும் எலுமிச்சையில் இருக்கும் சிட்ரேட்டைச் சேர்த்தால் இரண்டும் ஒத்துப்போகும் என்று காட்டினார்கள். ஆதிகாலக் குளத்தில் அவ்வளவு சிட்ரேட் எங்கிருந்து வந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

இதெல்லாம் எழுத்துகள் கையில் இருந்தால். எழுத்துகள் எங்கிருந்து வந்தன?

அடினைன் சுலபம் என்று 1960-இல் ஹுவான் ஓரோ காட்டினார். ஹைட்ரஜன் சயனைடு, நம்மைக் கொல்லும் அதே விஷம். அதன் ஐந்து மூலக்கூறுகள் சேர்ந்தால் கணக்கு அப்படியே அடினைன். அம்மோனியாவோடு சூடாக்கினார், வந்துவிட்டது. சர்க்கரைதான் தலைவலி. ஃபார்மால்டிஹைடைக் கார நீரில் வைத்தால் சர்க்கரைகள் வரும் என்பது 1861-இல் பட்லெரோவ் கண்டது. ஆனால் வருவது ரைபோஸ் இல்லை. டஜன் கணக்கான சர்க்கரைகளின் கலவை, அதில் ரைபோஸ் சொற்பம். விட்டுவைத்தால் பாகு கருகினாற்போல் பழுப்புச் சேறாகிவிடும். வந்த ரைபோஸும் தங்காது. 100 டிகிரியில் பாதி அழிய 73 நிமிடம், 0 டிகிரியில் 44 ஆண்டு என்று 1995-இல் ஸ்டான்லி மில்லர் குழு அளந்தது. மின்பொறி விட்டு அமினோ அமிலம் செய்து புகழ்பெற்ற அதே மில்லர். 44 ஆண்டு நமக்குப் பெரிது. 454 கோடி வயதான பூமிக்கு ஒரு தும்மல். அப்புறம், சர்க்கரையையும் எழுத்தையும் தண்ணீரில் போட்டால் சேருமா என்றால், சைட்டோசினும் யுராசிலும் சேரவே மாட்டேன் என்கின்றன.

நாற்பது ஆண்டுகள் இந்தச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தபோது, 2009-இல் மான்செஸ்டரில் ஜான் சதர்லாண்டும் மேத்யூ பவ்னரும் சுவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சர்க்கரை தனி, எழுத்து தனி என்று ஏன் செய்ய வேண்டும்? பாதிச் சர்க்கரையும் பாதி எழுத்துமாக ஒரு இடைப்பொருளை முதலில் செய்து, பிறகு இரண்டு பக்கமும் வளர்த்தார்கள். பாஸ்பேட் வினைக்குத் துணை நின்றது. கடைசியில் புற ஊதா ஒளி, வேண்டாத கிளைப்பொருள்களை அழித்து, சைட்டோசினில் ஒரு பகுதியை யுராசிலாகவும் மாற்றியது. ஓசோன் இல்லாத ஆதி பூமியில் புற ஊதாவுக்குப் பஞ்சமில்லை. 2019-இல் மியூனிக்கில் தாமஸ் கேரல் குழு, நனைவதும் காய்வதுமான சுழற்சியில் நான்கு எழுத்துகளும் ஒரே சூழலில் வர வழி காட்டியது.

இதிலும் ஒரு நெருடல் உண்டு, சொல்லாமல் விட முடியாது. இந்தப் பொருளை இப்போது போடு, அதை அப்புறம் போடு என்று சரியான நேரத்தில் சுத்தமான சரக்கை ஊற்றுவது வேதியியலாளரின் கை. ஆதி பூமியில் அந்தக் கை எது? ஓடைகள் வெவ்வேறு பாறைமேல் ஓடி ஒரு குளத்தில் சேர்வது, வெயிலில் வற்றுவது, மறுபடி மழை என்று சதர்லாண்ட் பதில் வைத்திருக்கிறார். முடியாதது இல்லை, ஆனால் தற்செயல்கள் வரிசையாக வர வேண்டும்.

விண்ணிலிருந்தும் சரக்கு வந்திருக்கிறது. 1969-இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் ரைபோஸ் இருப்பதை 2019-இல் காட்டினார்கள். பென்னு சிறுகோளிலிருந்து ஓசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் கொண்டுவந்த மண்ணில் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.வின் ஐந்து எழுத்துகளும் இருப்பது 2025-இல் தெரிந்தது. அளவு மிக மிகக் குறைவு. 'உயிர் விண்ணிலிருந்து வந்தது' என்ற தலைப்புகளை நம்ப வேண்டாம். இந்த வேதியியல் பூமிக்கு மட்டுமே உரியதில்லை என்பதுவரைதான் அது சொல்கிறது.

எழுத்துகளைக் கோப்பதற்கும் தண்ணீரே எதிரி. ஒவ்வொரு இணைப்பும் ஒரு நீர் மூலக்கூறை வெளியேற்ற வேண்டும். அதனால்தான் காயும் குளக்கரை, களிமண் என்ற பேச்சு. ஜேம்ஸ் ஃபெரிஸ் மோன்ட்மோரிலோனைட் என்ற களிமண்ணின் மேல் ஐம்பது எழுத்து நீளம்வரை கோத்துக் காட்டினார். எழுத்துகளை முன்கூட்டியே வேதிமுறையில் தூண்டிக் கொடுத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு கட்சி இருக்கிறது. ஆழ்கடல் வெப்ப ஊற்றுகளில், பாறைச் சுவர்களின் நுண்துளைகளில், ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் வினைபுரிந்து வளர்சிதை மாற்றம்தான் (ஆற்றலும் பொருளும் தரும் வேதிவினைகளின் தொடர்) முதலில் வந்தது, மரபுச் செய்தி பிறகு என்கிறார்கள் மைக்கேல் ரஸ்ஸல், நிக் லேன் போன்றோர். ஆற்றல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அவர்கள்தான் ஒழுங்காகக் கேட்கிறார்கள், ஆர்.என்.ஏ. கட்சி அதைக் கொஞ்சம் மழுப்பும். ஆனால் நகலெடுக்க ஏதும் இல்லாமல் பரிணாமம் எப்படி ஓடும் என்று கேட்டால் இவர்கள் மழுப்புவார்கள்.

என்னைக் கேட்டால், ஆர்.என்.ஏ. தனியாக வந்திருக்காது. சயனைடு வேதியியல் ஆர்.என்.ஏ. எழுத்துக்கான பொருளைத் தரும்போதே அமினோ அமிலத்துக்கான பொருளையும் தருகிறது என்று 2015-இல் சதர்லாண்ட் குழுவே காட்டிவிட்டது. ஒரே குளத்தில் இரண்டும் இருந்தால் ஒன்றையொன்று தொடாமலா இருக்கும்? 2022-இல் கேரல் குழு, ஆர்.என்.ஏ. இழையின் மேலேயே குட்டிப் புரதத் தொடர்கள் வளர்வதைக் காட்டியது. 2025-இல் லண்டனில் பவ்னர் குழு, கந்தகம் சேர்ந்த தயோஎஸ்டர் வழியாக அமினோ அமிலங்கள் தண்ணீரிலேயே ஆர்.என்.ஏ.வில் போய் ஒட்டுவதைக் காட்டியது. நொதி இல்லை, ரைபோசோம் இல்லை. ஒட்டும் இடம் எது தெரியுமா? இழையின் முனையில் இருக்கும் ஓ.எச்.கள். இன்றைய கடத்து ஆர்.என்.ஏ. அமினோ அமிலத்தைச் சுமப்பதும் அங்கேதான்.

கடைசியாக, கேட்டவர் போகிறபோக்கில் இன்னொன்றும் கேட்டிருந்தார்: அன்று தானாக வந்தது என்றால் இன்று ஏன் எந்தக் குளத்திலும் வரவில்லை? 1871-இல் டார்வின் தன் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. வெதுவெதுப்பான ஒரு சிறு குளத்தில் அப்படி ஏதாவது உருவானாலும், இன்று அது உடனே விழுங்கப்பட்டுவிடும். உயிர்கள் வருமுன் அந்தத் தொல்லை இல்லை என்று எழுதினார். நுண்ணுயிர்கள் நிறைந்த இன்றைய குளத்து நீரில் ஆர்.என்.ஏ.வை விட்டுப் பாருங்கள். ஜெல்லில் தீற்றல்கூட மிஞ்சாது.